கடற்பாசிக்கு நீலம்: வாங்குவதா, வளர்ப்பதா, வேலியில் பறிப்பதா?

போன நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலிருந்து பால் கடற்பாசிக்கு, அதாவது கடற்பாசியைப் பாலோடு காய்ச்சித் தட்டில் உறையவைக்கிற இனிப்புக்கு, ஓடர் வந்தது. இரண்டு பெரிய தட்டு. மேலடுக்கு வெள்ளை, கீழடுக்கு நீலம். கடைச் சாயப் போத்தலைத் தொடவே கூடாது, சின்னப் பிள்ளைகள் நோன்பு திறக்கிற சாப்பாடு என்று ஓடர் கொடுத்த ராத்தா முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்கென்றே சுருள்பாசியிலிருந்து (ஸ்பைருலினா) எடுத்த நீலத் தூள் வாங்கிவைத்திருந்தோம். அவருடைய குசினியிலேயே காய்ச்சினோம். கடற்பாசி கரைந்து கொதித்து இறக்கியதும், தூள் கட்டிபடாமல் கரையட்டும் என்று அந்தச் சூட்டிலேயே கொட்டிக் கிளறினேன். முதலில் நல்ல வானநிறம். அகப்பையை வைத்துவிட்டுத் தட்டைத் துடைத்துத் திரும்புவதற்குள் நீலம் போய், அரிசி கழுவின தண்ணிபோல ஆகிவிட்டது. ராத்தா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, சாம்பலக் கரைச்ச மாதிரி இருக்கு?"

திருகோணமலை உப்புவெளியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து இனிப்புப் பண்டம் செய்து கொடுக்கிறோம். கோயில் திருவிழா, நோன்பு, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு என்று வருடம் முழுக்க ஓடர் இருக்கும். அந்தக் கடற்பாசிக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பேச்சு தொடங்கியது, மாதக்கணக்கில் நீண்டது. சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு கொஞ்சம் கையில் இருக்கிறது. ஒருத்தி, பின்வளவில் தொட்டி கட்டிச் சுருள்பாசியை நாங்களே வளர்ப்போம் என்றாள். இன்னொருத்தி, வேலி முழுக்கச் சங்குப்பூ படர்ந்து கிடக்கும்போது பாசி எதற்கு என்றாள். மூன்றாமவளின் புருஷன் உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்புப் பாத்தி சிவக்கிறதே, அதிலிருந்தும் நிறம் எடுக்கிறார்களாம், நமக்குக் கிட்டத்தான் இருக்கிறது என்றாள். நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள். அதனால் எதையும் முடிவு செய்வதற்கு முன் எல்லாவற்றையும் செய்து பார்த்து எழுதிவைப்பது என் பொறுப்பாயிற்று. இதே கேள்வியோடு இருக்கிற மற்றப் பெண்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சாயப் போத்தலை ஏன் விடுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு, சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேற்றும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளிடம் அமைதியின்மை கூடுவதைக் காட்டியது. அதையடுத்து டார்ட்ரசின், சன்செற் யெலோ, காமோய்சின் முதலான ஆறு நிறங்கள் சேர்ந்த உணவின் உறையில் எச்சரிக்கை வாசகம் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இலிருந்து கட்டாயமாக்கியது. அந்த ஆறில் நீலம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் சாயம் என்று விற்கப்படுவதெல்லாம் உணவுக்கான சாயமாக இருப்பதில்லை. 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தது, துணிக்குப் போடுகிற றோடமைன் பி அதில் இருந்ததால்தான். லேபல் கிழிந்த போத்தலில் இருந்து பிள்ளைகளின் தட்டுக்கு நிறம் போட எனக்கு மனம் வரவில்லை.

நீலம் ஏன் போயிற்று

சுருள்பாசி நீலத்துக்குப் பைக்கோசயனின் என்று பெயர். அது ஒரு புரதம். நிறத்தைத் தருகிற சின்ன மூலக்கூறு ஒன்று அந்தப் புரதத்தின் மடிப்புக்குள் நீட்டி வைத்தபடி இருக்கும். அப்படி இருக்கும்வரைதான் நீலம். சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு என்ன பாடுபடுகிறதோ அதே பாடு இதற்கும். மடிப்புக் குலைந்தால் நிறம் போய்விடும், ஆறவைத்தாலும் திரும்பி வராது. 45 பாகை செல்சியஸ்வரை பயமில்லை. 50ஐத் தாண்டினால் மங்கத் தொடங்கும். 70, 80இல் ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்கூடத் தாங்காது.

சூட்டுக்கு அடுத்த எதிரி புளிப்பு. பி.எச். அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 5.5க்கும் 7க்கும் இடையில் இருந்தால் இந்த நீலம் சுகமாக இருக்கும். பால் 6.6க்குக் கிட்ட இருப்பதால் பாலில் அழகாக நிற்கிறது. தேசிக்காய்ச் சாறு விட்டு 4க்குக் கிட்டக் கொண்டுவந்தால் புரதம் திரிந்து அடியில் படிகிறது. மேலே கலங்கல் தண்ணீர். யோகட்டிலும் புளிப்பு ஏற ஏற நிறம் குழம்புகிறது. மூன்றாவது எதிரி வெளிச்சம். யன்னலோரம் வெயில் பட வைத்த துண்டு பின்னேரத்துக்குள் வெளிறியது. அதே தட்டில் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தது நாலாம் நாளும் அப்படியே இருந்தது. சீனி இதற்கு நண்பன். பாகு கெட்டியாக இருந்தால் புரதம் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

இதைப் புரிந்துகொண்டபின் கடற்பாசியைத் திரும்பச் செய்தேன். கடற்பாசி கரைய 85 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் அது உறைவது 40க்குக் கிட்ட வந்த பிறகுதான். இந்த இடைவெளியில்தான் நமக்கு வழி இருக்கிறது. பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சிய கடற்பாசியை இறக்கி, பாத்திரத்தோடு தண்ணீர்ச் சட்டியில் வைத்து, ஓரம் கட்டிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தேன். வெப்பமானி 70, 60, 52 என்று இறங்கியது. நீலத் தூளை முன்பே கால் கோப்பை ஆறின பாலில் கரைத்து வெள்ளைத் துணியில் வடித்து வைத்திருந்தேன். 46 காட்டியதும் ஊற்றி, நுரை எழாமல் மூன்று சுற்றுச் சுற்றி, உடனே தட்டுக்கு மாற்றினேன். கையில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்து கட்டிகட்டியாக வரும். தட்டில் ஊற்றியது மார்கழி விடிந்தபின் தெரிகிற வானம்போல் இறுகியது. அதை ராத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாம் காய்ச்சுகிற கடற்பாசியும் பாசியிலிருந்து வருவதுதான். வெள்ளைக்காரர் 'சிலோன் மொஸ்' என்று பெயர் வைத்து ஏற்றுமதி செய்தது, நம் கரைகளிலும் விளைகிற கஞ்சிப்பாசி. அந்தச் சிவப்புப் பாசி தட்டை உறையவைக்கிறது, தொட்டியில் விளைகிற நீலப்பச்சைப் பாசி அதற்கு நிறம் கொடுக்கிறது. இந்தப் பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் எனக்குத் தோன்றவில்லை.

கேசரி, பூந்தி, தொதல், லட்டு எதற்கும் இந்த நீலம் ஆகாது. பால் கடற்பாசி, ஐஸ்கிறீம், கேக்கின் மேல் பூசுகிற பட்டர் ஐசிங், ஆறின பாலில் செய்கிற பலூடா, இவ்வளவுதான் அதன் இடம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் சுருள்பாசிச் சாற்றை முதலில் மிட்டாய்க்கும் சுயிங்கத்துக்கும் அனுமதித்தது, பிறகு ஐஸ்கிறீம் போன்றவற்றுக்கும் விரித்தது. புளிப்பான பானத்துக்கு நிற்கிற நீலம் பாசியில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கல்டீரியா என்ற பாசியின் நீலத்தை 2025 மே மாதத்தில் அதே நிர்வாகம் அனுமதித்தது. அது புளிப்பைக் கூடுதலாகத் தாங்கும். வெந்நீரில் வாழும் பாசி என்றதும் எங்களுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நினைவுக்கு வந்தன. ஆனால் அது வாழ்வது கந்தக அமிலம் கலந்த எரிமலை ஊற்றுகளில். எங்களுக்குக் கைக்கெட்டாத பொருள், விட்டுவிட்டோம்.

வேலியில் பூக்கிற நீலம்

சங்குப்பூவின் நீலம் அந்தோசயனின் வகை. சூட்டுக்கு அது அஞ்சாது. கொதிநீர் ஊற்றினால்தான் நன்றாக இறங்கும். காம்பும் பச்சைப் புல்லியும் கிள்ளிய பூ பன்னிரண்டு, ஒரு கோப்பைக் கொதிநீர், ஐந்து நிமிடம். பேனா மைபோலத் திக்காக வரும். கடற்பாசியை இறக்கிய சூட்டிலேயே ஊற்றலாம், வெப்பமானி தேவையில்லை. புளிப்புப் பட்டால் ஊதாவாகி, இன்னும் கூடினால் இளஞ்சிவப்பாகும். தேசிக்காய்ச் சர்பத்தில் பிள்ளைகள் கண் முன்னால் நிறம் மாறும்போது வருகிற சந்தோஷத்துக்கு ஈடில்லை. அப்பச்சோடா பட்டால் பச்சைக்கு ஓடும். ஆகவே கேக் மாவில் போடாதீர்கள், நான் போட்டுப் பாசிபிடித்த சுவர் நிறத்தில் கேக் எடுத்திருக்கிறேன்.

அப்படியானால் சங்குப்பூவே போதுமே என்று வேலியைக் காட்டியவள் கேட்டது நியாயம். தண்ணீர்க் கடற்பாசிக்கும் சர்பத்துக்கும் நீலச் சோற்றுக்கும் அதுவே போதும், அதுதான் மலிவு, அதுதான் நம் கையில் இருப்பது. பாலில்தான் வித்தியாசம் தெரிகிறது. சங்குப்பூ பாலில் சேர்ந்தால் ஊதாச் சாயல் படிந்த மங்கலான நீலம். சுருள்பாசி நீலம் துலக்கமாக, கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்ந்த கடல்நீலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவரும் பிறந்தநாள் தட்டுக்குச் சுருள்பாசியைத்தான் காட்டினார்கள்.

வெளிநாட்டு விற்பனையை நினைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சங்குப்பூச் சாற்றை அமெரிக்கா 2021இல் நிறமூட்டியாக அனுமதித்தது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே காய்ந்த சங்குப்பூவை உணவாக விற்க விண்ணப்பித்தபோது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஆட்சேபம் தெரிவித்தது. சுருள்பாசிச் சாற்றையோ அங்கே உணவு என்ற கணக்கிலேயே நிறத்துக்குச் சேர்க்கிறார்கள். இங்கே விற்பதற்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த நிறமூட்டி விதிகளும் இருக்கின்றன. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பொருளையும் லேபலையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பி.எச்.ஐ. வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வாங்கினால் ஏமாறாமல் வாங்குவது

இணையத்தில் ஓர் இடத்தில் வாங்கிய இரண்டாவது பொட்டலம் முதலாவதைவிட மலிவு, நிறமும் திக்கு. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஒருநாள் கரண்டியில் ஒட்டியிருந்ததைக் கழுவ கொதிநீர் ஊற்றினேன். நீலம் அசையவே இல்லை. அடுப்பில் வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன், அப்போதும் அசையவில்லை. பாசி நீலம் கொதிநீரில் நிற்காது. நின்றால் அது வேறு ஏதோ.

அதற்குப் பிறகு எந்தப் பொட்டலம் வந்தாலும் மூன்று சோதனை செய்கிறேன், யார் வீட்டிலும் செய்யலாம். ஒரு சிட்டிகை கரைத்துக் கொதிக்கவிட்டால் நீலம் போகவேண்டும். இன்னொரு சிட்டிகையில் வினாகிரி விட்டால் கலங்கித் திரியவேண்டும். ஊதாவானால் அது சங்குப்பூத் தூள், ஒன்றும் ஆகாவிட்டால் செயற்கைச் சாயம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. தெளிந்த கண்ணாடிக் குவளையில் மெல்லிய நீலமாகக் கரைத்து, கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து, பக்கத்திலிருந்து நல்ல வெயில் படவிட்டுப் பாருங்கள். உண்மையான பைக்கோசயனின் உள்ளிருந்து சிவப்பாக மினுங்கும். நீலத் தண்ணீருக்குள் கனல் இருப்பதுபோல. முதல் தடவை பார்த்தபோது மற்ற மூவரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

தொட்டிக் கணக்கு

வளர்ப்பதைப் பற்றி நீளமாகத்தான் எழுதவேண்டும். காசு முடங்குவது அங்கேதான், ஆசையும் அங்கேதான் கூட.

தொட்டிக்காகப் பேசுகிறவளின் நியாயம் எனக்குப் புரிகிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்றபோது ஒரு கரண்டி மஞ்சளுக்கு நாங்கள் பட்ட பாடும், 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றதும் மறந்துபோகிற விஷயமா? வெளியிலிருந்து வருகிற தூளை நம்பித் தொழில் செய்தால் கப்பல் நிற்கும் நாளில் தொழிலும் நிற்கும். சுருள்பாசியைப் பெண்கள் கையாள்வதும் புதிதல்ல. ஆபிரிக்காவின் சாட் ஏரிக் கரையில் கானெம்பு இனப் பெண்கள் அதை அள்ளி, மணலில் உலர்த்தி, திகே என்ற பெயரில் குழம்புக்குச் சேர்க்கிறார்கள். சென்னையிலுள்ள முருகப்ப செட்டியார் ஆய்வு மையம், அதை நடத்திய விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரியின் காலத்தில், கிராமத்துப் பெண்கள் சின்னத் தொட்டிகளில் வளர்க்கும் முறையை எளிமையாக்கிக் காட்டியது. நம் வெயிலும் இதற்கு ஏற்றது. 35 பாகைக்குக் கிட்ட வெதுவெதுப்பான தண்ணீர், நல்ல வெளிச்சம், இரண்டும் திருகோணமலையில் தாராளம்.

கணக்கைப் பாருங்கள். 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் 5 சதுர மீட்டர்த் தொட்டி என்றால் 1000 லீற்றர். சாறூக் கலவை என்கிற வழக்கமான ஊட்டக் கரைசலில் லீற்றருக்கு 16.8 கிராம் சோடியம் பைகாபனேற்று, அதாவது அப்பச்சோடா. தொட்டிக்கு 16.8 கிலோ. அதற்கு மேல் 2.5 கிலோ சோடியம் நைத்திரேற்று, அரைக் கிலோ பொஸ்பேற்று, உப்பு, இரும்பு, இன்னும் சில. சிக்கனமாகச் செய்பவர்கள் அப்பச்சோடாவைப் பாதியாகக் குறைப்பார்கள். நன்றாகக் கிளறிப் பராமரித்தால் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் உலர்ந்த பாசி கிடைக்கும். நம் தொட்டியில் 25 முதல் 50 கிராம். அதில் பைக்கோசயனின் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு. எல்லாம் சரியாக நடந்தாலும் நாளுக்கு 10 கிராமைத் தாண்டாது. எடுக்கும்போது ஒரு பகுதி வீணாகும் என்பதையும் சேர்த்தால் இன்னும் குறைவு.

எடுப்பது எப்படி என்றும் செய்து பார்த்தேன். உலர்ந்த சுருள்பாசி 10 கிராமைக் கோப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, உறையவைத்து, உருகவைத்து, மறுபடி உறையவைத்து, மூன்று தரம் செய்தால் பனிக்கட்டி செல்களைக் குத்திக் கிழித்துவிடும். பிறகு துணியிலும், அதன்மேல் வடிதாளிலும் வடித்தால், பச்சை துணியிலேயே தங்கிவிடும். பச்சையம் தண்ணீரில் கரையாது. நீலம் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். ஆய்வுகூடத்தில் எத்தனையோ வடிகட்டல் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சாறு இரண்டாம் நாளே மணக்கத் தொடங்கியது. புரதமும் தண்ணீரும் சேர்ந்தது கெடாமல் இருக்குமா? தூளாக்க வெயில் ஆகாது, கேக் சுடுகிற அவனும் ஆகாது; உறைநிலையில் உலர்த்துகிற இயந்திரமோ தெளித்து உலர்த்துகிற இயந்திரமோ வேண்டும். நான்கு பெண்களின் சீட்டுக்காசு அதற்குக் காணாது.

மாரி வேறு இருக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்கிற மழையில் கூரையில்லாத தொட்டி நிரம்பி வழியும், கரைசல் நீர்த்துப்போகும். பி.எச். 10க்குக் கிட்ட இருப்பதுதான் இந்தத் தொட்டியின் காவல். அந்தக் காரத்தில் மற்ற உயிர்கள் அதிகம் வாழாது. மழை அதைக் குறைத்தால் வேண்டாத பாசி நுழையும். அவற்றில் சில நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைத் தாக்குகிற மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குபவை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பதற்கென்றால் மாதிரியைக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடத்துக்கு அனுப்பி, நஞ்சும் பார உலோகமும் பரிசோதித்து வாங்கவேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது. இந்தச் செலவை எங்கள் தொட்டிக் கணக்கில் யாரும் முதலில் எழுதவில்லை. பிள்ளைகளுக்குச் சாயம் கொடுக்கக்கூடாது என்று தொடங்கிய நாங்கள், பரிசோதிக்காத பாசியை எப்படிக் கொடுப்பது?

தொட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுருள்பாசியை அப்படியே பச்சையாக, சத்துணவாக விற்க ஒருவர் முழுநேரம் உட்கார முடிந்தால் அது நல்ல தொழில். சேஷாத்ரி நினைத்ததும் ஊட்டச்சத்தைத்தான். நீலத்தைப் பிரிப்பதற்காக மட்டும் தொட்டி கட்டுவது எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகாது.

உப்புப் பாத்தியின் செம்மஞ்சள்

ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கும்போது இந்த ஆசை வராமல் இருக்குமா? உப்புச் செறியச் செறியத் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பிரான்சின் மொன்பெலியேப் பக்க உப்பளங்களில் இந்தச் சிவப்பைப் பார்த்து 1838இல் எழுதியவர் டுனால். அவர் நினைவாகத்தான் 1905இல் அந்தப் பாசிக்குத் துனாலியெல்லா என்று பெயர் வைத்தார்கள். செல்லுக்குச் சுவரே இல்லாத பாசி. வெளியே உப்பு ஏறினால் உள்ளே கிளிசரோலைச் சேர்த்துச் சமாளிக்கும். வெயில் கொளுத்தி, உப்பு மிஞ்சி, நைதரசன் குறைந்தால், வெயிலிலிருந்து தன்னைக் காக்க பீற்றா கரோட்டின் என்ற செம்மஞ்சள் நிறப்பொருளைக் குவிக்கும். உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பத்துவரை போகும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் உப்பளங்களைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

நிறமும் அருமையானது. எண்ணெயில் கரையும், சமையல் சூட்டை ஓரளவு தாங்கும், உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறும். லட்டு, பட்டர் கேக், ஐஸ்கிறீம் எல்லாவற்றுக்கும் சரி. ஐரோப்பாவில் இதற்கு ஈ 160ஏ என்ற நிறமூட்டி இலக்கத்துக்குள் தனி இடமே உண்டு.

இரண்டு தடை. முதலாவது, பாத்தி சிவந்திருப்பதெல்லாம் துனாலியெல்லா இல்லை. உப்பு விளைகிற கடைசிப் பாத்தியின் சிவப்பில் பெரும்பகுதி உப்பை விரும்பி வாழும் வேறு நுண்ணுயிர்களுடையது. இரண்டாவதுதான் பெரியது. சுருள்பாசி நூல்போல நீளமாகச் சுருண்டிருப்பதால் துணியில் வடித்து அள்ளலாம். துனாலியெல்லா மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள தனிச் செல். துணியைக் கடந்து ஓடிவிடும், வேகமாகச் சுற்றிப் பிரித்தால் சுவரில்லாத செல் உடைந்துபோகும். அவுஸ்திரேலியாவின் ஹட் லகூனில் நூற்றுக்கணக்கான ஹெக்டயர்ப் பாத்தியும் அதற்கென்று வகுத்த பிரிப்பு முறையும் வைத்துத்தான் எடுக்கிறார்கள். இஸ்ரேலின் எய்லாத்திலும் அது ஆலைத் தொழில்தான். உப்பளம் வைத்திருக்கிற ஒரு நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இறங்கினால் இந்தக் கரைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று மனதார நம்புகிறேன். வீட்டுக் குசினி தாங்குகிற வேலை இல்லை. செம்மஞ்சளுக்கு நாங்கள் பூசணியையும் கரட்டையும் நெய்யில் வதக்கி அரைத்துச் சேர்க்கிறோம். பூசணியிலும் கரட்டிலும் உள்ளதும் கரோட்டின்தான். லட்டுக்கு மஞ்சள் ஒரு சிட்டிகை.

சிவப்பை அதிகம் பேசத் தேவையில்லை. இறால் கொதித்ததும் சிவக்கிறதே, அந்த நிறம் அஸ்டாக்சாந்தின். பச்சை இறாலில் ஒரு புரதம் அதைப் பிடித்துவைத்திருக்கும், சூட்டில் புரதம் குலைந்ததும் வெளியே வரும். ஹீமட்டோகொக்கஸ் என்ற நன்னீர்ப் பாசி அதை உலர்ந்த எடையில் நூற்றுக்கு மூன்று, நாலு அளவில் சேர்க்கும். ஆனால் அதற்குக் கண்ணாடிக் குழாயும் சுத்தமும் வேண்டும், விலையும் உச்சம். பெரும்பாலும் வளர்ப்பு மீனின் சதைக்கு நிறம் கொடுக்கவும் சத்துக் குளிசைக்கும் போகிறது. கஞ்சிப்பாசியின் சிவப்பான பைக்கோஎரித்ரினும் புரதம்தான். கரையில் காயப்போட்ட பாசி வெயிலில் வெளுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நமக்குப் பீற்றூட் போதும். பச்சைக்கு இரம்பைச் சாறு. சுருள்பாசித் தூளை நேரே போட்டால் பச்சை கிடைக்கும், கூடவே கடல் மணமும் வரும். பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள்.

எங்கள் முடிவு

பால் கடற்பாசிக்கும் ஐசிங்குக்கும் சுருள்பாசி நீலம் வாங்குகிறோம். சின்னப் பொட்டலமாக, பரிசோதனை அறிக்கை காட்டுகிறவரிடம் மட்டும், அந்த மூன்று சோதனையும் செய்தபின். திறந்த பொட்டலம் காற்றுப் புகாத போத்தலில், வெளிச்சம் படாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள். சூடான பண்டம், புளிப்பான பானம், தண்ணீர்க் கடற்பாசி எல்லாவற்றுக்கும் சங்குப்பூ. தொட்டிக்கு வைத்த காசில் இரண்டு நல்ல வெப்பமானியும், பூ உலர்த்த வலைத்தட்டுகளும் வாங்கியாயிற்று. மீதி சீட்டிலேயே இருக்கிறது.

தொட்டி கேட்டவள் கோபிக்கவில்லை. அவள் வீட்டு வேலியோரம்தான் முதல் இருபது சங்குப்பூ விதை ஊன்றினோம், இரவு முழுக்க ஊறப்போட்டு, அடுக்கிதழ் வகை பாதி, ஒற்றை இதழ் பாதி. அடுக்கிதழ் திக்கான நிறம் தருமா என்று பூத்தபின் கோப்பைக்குக் கோப்பை எடுத்துப் பார்க்கவேண்டும். கிண்ணியா ராத்தா பெருநாளைக்கு மூன்று தட்டு சொல்லியிருக்கிறார்; கீழடுக்கு நீலம்தான்.